இனி வாசிக்க மாட்டோம்

ஊட்டி என்றதும் எந்தப் பாட்டு ஞாபகம் வருகிறது என்று பத்துப் பேரைக் கேளுங்கள். ஒன்பது பேர் ரயில் கூரைப் பாட்டைத்தான் சொல்வார்கள். 1998-இல் மணிரத்னம் படத்துக்காக, ரஹ்மான் இசையில், ஷாருக் கான் எங்கள் மலை ரயிலின் தலைமேல் ஏறி நின்று ஆடியது. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் உதகை வரைக்கும் வந்து சேர்ந்த அந்த ரயிலுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்ததில்லை. எனக்கும் பிடித்த பாட்டுதான். ஆனால் அதில் மலை வெறும் பின்னணி. தேயிலைச் சரிவு, குகை, பாலம், புகை, முடிந்தது. அந்தப் பாட்டை வேறொரு மலையில் எடுத்திருந்தாலும் அதே பாட்டுதான்.

கோத்தகிரிக்காரன் நான். இந்த மலையின் இசை வரலாற்றில் முக்கியமான கட்டம் எது என்று என்னைக் கேட்டால் 1930-களைச் சொல்வேன். அப்போது புதுப் பாட்டு எதுவும் பிறக்கவில்லை. ஒரு பக்கம் ‘இனி வாசிக்க மாட்டோம்’ என்ற பேச்சு எழுந்தது. இன்னொரு பக்கம் ‘இனி அவர்கள் வாசிக்க வேண்டாம்’ என்ற பேச்சு எழுந்தது. இரண்டும் ஒரே வாத்தியத்தைப் பற்றி, ஒரே சமயத்தில்.

அந்த வாத்தியம் கோத்தர்களுடையது. இந்த மலையில் ஒவ்வொரு சமூகமும் தன் ஊரை ஒரு பெயரால் சொல்லும்: தோடர்களுக்கு மந்து, படகர்களுக்கு ஹட்டி, கோத்தர்களுக்குக் கோக்கால். கோத்தர் ஊர்கள் மொத்தம் ஏழுதான்: கொல்லிமலை, திருச்சிகடி, சோலூர் கோக்கால், குந்தா கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரி, புதுக்கோத்தகிரி, கூடலூர் கோக்கால். (நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஊட்டிக்குப் பக்கத்தில் இருப்பது.) கறுப்புப் பசு ஒன்று முன்னால் நடந்து போனதாகவும், அது கால் பதித்து நின்ற இடங்களிலெல்லாம் ஊர் அமைத்ததாகவும் அவர்கள் சொல்வார்கள். இரும்படித்தவர்கள் அவர்கள், மரவேலை பார்த்தவர்கள் அவர்கள். பானை வனைந்தது அவர்கள் வீட்டுப் பெண்கள். மலையிலிருந்த மற்றவர்களுக்கு அரிவாளும் கலப்பைக் கொழுவும் சட்டியும் அங்கிருந்துதான் வந்தன. இசையும் அங்கிருந்துதான் வந்தது.

கோத்தர் மேளத்தில் கொள் என்ற குழல்தான் தலைமை. நாகஸ்வர இனம், சீவாளி வைத்து ஊதுவது, ஆனால் அளவில் சிறியது. குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து ஊதுவார்கள். கூடவே வளைந்த பெரிய கொம்பு, அதற்கு அவர்கள் பேச்சில் கொப். கையில் பிடித்து அடிக்கிற தபட்க், நம் தப்பட்டைக்குச் சொந்தம். அப்புறம் தோபர், கிண்வர் என்று இரண்டு உருளை மேளங்கள்.

கொள் ஊதுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு கன்னமும் உப்பி நிற்கும். கன்னத்தில் அடைத்து வைத்த காற்றைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டே மூக்கால் அடுத்த மூச்சை இழுத்துக்கொள்வார். அதனால் சத்தம் அறுபடுவதே இல்லை. எங்கே மூச்சு வாங்கினார் என்று கண்டுபிடிக்கக் காது போதாது, கழுத்து நரம்பைப் பார்க்க வேண்டும். முதல் தடவை கேட்பவர்களுக்குக் குழலும் மேளமும் ஒட்டாமல் போவது போலத் தோன்றும். கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் தொடையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, ‘தாளம் நிற்கலையே’ என்று முகத்தைச் சுளிப்பார்கள். தாளம் நிற்கத்தான் செய்கிறது. ஒவ்வொரு அடியிலும் மேளத்தோடு ஒட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்ற கட்டாயம் கொள்ளுக்குக் கிடையாது, அவ்வளவுதான். மெட்டு தன் போக்கில் போய்விட்டு, மெட்டின் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் மேளத்தோடு வந்து சேரும். அந்த இடங்களைத் தவறவிட்டால்தான் தப்பு. 1990-களின் தொடக்கத்தில் கொல்லிமலையில் தங்கி இந்த இசையைப் படித்த ரிச்சர்ட் உல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர், கறுப்புப் பசுவின் காலடியையே தலைப்பாக வைத்து ஒரு தடித்த புத்தகம் எழுதினார். மெட்டு எங்கெங்கே வந்து ஊன்றிக்கொள்கிறது என்பதுதான் அதில் பெரிய விஷயம். ஊர் அமைந்த இடம், சடங்கு நடக்கிற இடம், பாட்டு வந்து ஊன்றும் இடம் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்கிறார். சில பக்கங்கள் தலைசுற்ற வைக்கும். ஆனால் அதைப் படித்த பிறகு நான் தொடையில் தாளம் போடுவதை விட்டுவிட்டேன்.

மெட்டுகளிலும் வகை உண்டு. சாமிக்கான மெட்டு, ஆட்டத்துக்கான மெட்டு, சாவுக்கான மெட்டு. சாமி மெட்டைச் சாவில் ஊதக் கூடாது. சாவு மெட்டைச் சும்மா பழகுவதற்காகக்கூட வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊதிவிட முடியாது. அப்படியானால் சின்னப் பையன் எப்படிக் கற்றுக்கொள்வான்? சாவு வீட்டில்தான். பெரியவர்களின் பின்னால் நின்று, விரல்களைப் பார்த்து.

இந்த மேளம் கோத்தர் ஊருக்குள் மட்டும் இருந்திருந்தால் 1930-களின் சண்டை வந்திருக்காது. படகர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் கோத்தர் குடும்பம் ஒன்று பங்காளி மாதிரி இருந்தது. முட்டுக் கோத்தர் என்பார்கள். இவர்கள் இரும்பும் சட்டியும் கொடுப்பார்கள், அவர்கள் அறுவடையில் தானியம் அளப்பார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த கணக்கு, காசு குறுக்கே வராத கணக்கு. படகர் வீட்டில் சாவு விழுந்தால் கோத்தர் மேளம் வர வேண்டும். தோடர் சாவுக்கும் அதே மேளம்தான். அங்கே சாவுக்காக வெட்டிய எருமை கோத்தர்களுக்குப் போகும்.

படகர் சாவுச் சடங்கில் ஒரு பகுதியைச் சொல்லியே ஆக வேண்டும். அதுவும் ஒரு வகைப் பாட்டுதான். பெரியவர் ஒருவர் நின்று, இறந்தவரும் அவருடைய முன்னோரும் செய்திருக்கக்கூடிய பாவங்களை வரிசையாகச் சொல்வார். எல்லைக் கல்லை நகர்த்தியது, வழிப்போக்கருக்கு வழி மாற்றிச் சொன்னது, பாம்பை அடித்தது, பசுவை அடித்தது. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ‘பாவம்’ என்று பதில் குரல் கொடுக்கும். கடைசியில் எல்லாப் பாவமும் ஒரு கன்றுக்குட்டியின் மேல் ஏறி, அந்தக் கன்று அவிழ்த்து விடப்படும். பாசல் மிஷன் பாதிரியார் மெட்ஸ் போன்றவர்கள் இதை 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார்கள். அந்தப் பழைய பதிவுகளில் ‘ஆயிரத்து முந்நூறு பாவமானாலும்’ என்று ஓர் அடி வரும். 1871-இல் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களைத் தொகுத்தபோது படகர் பாட்டுகளுக்குத் தனி அத்தியாயமே கொடுத்தார். தமிழ் நாட்டுப்பாடல் தொகுப்பு என்ற பேச்சே பெரிதாக எழாத காலம் அது.

ஆக, ஒரு சாவு ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் படகர் குரலும் வேண்டும், கோத்தர் மேளமும் வேண்டும். அதை உடைத்தது படிப்பு.

பள்ளிக்கூடம் போய், வக்கீல், வாத்தியார் என்று ஆன படகர் இளைஞர்களுக்கு ஓர் உறுத்தல் வந்தது. செத்த எருமைக் கறி தின்கிறவர்களைக் கூப்பிட்டு வாசிக்கவைத்தால் சமவெளிக்காரர்கள் நம்மை என்ன நினைப்பார்கள்? கோத்தர் மேளத்தை நிறுத்த வேண்டும் என்றார்கள். பெரியவர்களுக்கோ மேளம் இல்லாத சாவு சாவே இல்லை. அப்பனை நாய் மாதிரி தூக்கிப் போடச் சொல்கிறாயா என்று கேட்டிருப்பார்கள். நம் ஊர்ப் பெரிசுகள் வேறென்ன கேட்பார்கள்? மேளக் கட்சி, மேளம் வேண்டாக் கட்சி என்று படகர்களுக்குள்ளேயே பிளவு. கைகலப்பு வரைக்கும் போனது. அந்தச் சமயத்தில் மலையில் இருந்த மானுடவியலாளர் டேவிட் மேண்டல்பாம் 1941-இல் எழுதிய கட்டுரையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு குழலை ஊதலாமா கூடாதா என்பதற்காகப் பெரிய மனிதர்கள் கம்பெடுத்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இசைக்கு அவ்வளவு கனம் இருந்திருக்கிறது.

அதே சமயத்தில் கோத்தர் பக்கமும் ஒருவர் எழுந்தார். பெயர் சுள்ளி. கொல்லிமலைக்காரர், ஆங்கிலம் படித்தவர், பள்ளி ஆசிரியர். தன் மக்கள் குடுமியை எடுக்க வேண்டும், செத்த மாட்டுக் கறியை விட வேண்டும், அடுத்தவர் சாவுக்குப் போய் வாசிப்பதை நிறுத்த வேண்டும் என்றார். முதலில் தன் முடியை வெட்டிக்கொண்டு ஊரின் கோபத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். மேண்டல்பாம் பிறகு இவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். யோசித்துப் பாருங்கள்: படகர் சீர்திருத்தக்காரர் சொன்னது ‘உன் இசை எனக்குக் கேவலம்’. சுள்ளி சொன்னது ‘உனக்கு வாசிப்பது எனக்குக் கேவலம்’. எதிரெதிர் வாதம். விளைவு ஒன்றுதான். தலைமுறைகளாக ஓடிய கொடுக்கல் வாங்கல் சில வருடங்களில் வற்றிப்போனது. இரும்புச் சாமான் கடையில் கிடைத்தது, அலுமினியப் பாத்திரம் வந்தது, கூலி காசாக மாறியது. அவையும் காரணம்தான். ஆனாலும் சண்டை வெடித்தது பாத்திரத்துக்காக இல்லை, மேளத்துக்காக.

இதில் எனக்குப் பெரிய வியப்பு வேறொன்று. வாசிக்கக் கூடாது என்ற அதே சுள்ளிதான் கோத்தர் கதைகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்து சொன்னவர். கேட்டு எழுதியவர் மரே எமனோ. கனடாவில் பிறந்த சமஸ்கிருதப் பண்டிதர், 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்தவர். பின்னால் மொழியியலாளர் பரோவோடு சேர்ந்து திராவிட மொழிகளுக்கான சொற்பிறப்பு அகராதியைத் தந்தவர். சுள்ளி சொல்லச் சொல்ல எழுதிய கோத்தர் கதைகள் 1944 முதல் 1946 வரை வெளிவந்தன. ஒரு சமூகத்தின் வாசிப்பை நிறுத்தச் சொன்னவரும் அதன் நினைவைக் காப்பாற்றிக் கொடுத்தவரும் ஒரே ஆள். இதை முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. அவருக்குத் தன் மக்களின் கதை பிடித்திருந்தது, அவர்கள் நிற்கவைக்கப்பட்ட இடம் பிடிக்கவில்லை.

எமனோ தோடர்களிடமும் போனார். அங்கே அவர் கண்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. தோடர் ஆட்டத்துக்கு மேளம் கிடையாது. ஆண்கள் கைகோத்து வட்டமாக நகர்வார்கள், குரல்தான் எல்லாம். பாட்டின் ஒவ்வொரு அடியும் மூன்று அசையில் நிற்கும். ஓர் அடியைத் தனியே விட முடியாது, அதற்கு இணையடி ஒன்று உடனே வர வேண்டும். ஓர் எருமையின் பெயர் சொன்னால் அடுத்த மூச்சில் அதற்கு ஜோடியான இன்னொரு பெயர். ஒரு பால்கோயிலை, அதாவது எருமைப் பாலுக்கான புனிதக் குடிலை, சொன்னால் அதன் ஜோடி. எந்தப் பெயருக்கு எது ஜோடி என்பது மரபில் இருக்கிறது. பாடுகிறவர் அந்தக் கையிருப்பிலிருந்து எடுத்து எடுத்து, அந்த நேரத்தில் நடந்த விஷயத்தை அங்கேயே கட்டிப் பாடுவார். கல்யாணமோ, சாவோ, எருமை தொலைந்ததோ, எதுவானாலும். நேரடியாகச் சொல்ல மாட்டார்கள், குறிப்பால்தான். விஷயம் தெரிந்தவனுக்குத்தான் புரியும். இதைத் தொழிலாகச் செய்கிற புலவர் என்று தனியாக ஒருவர் கிடையாது. தோடராகப் பிறந்தால் பாட்டுக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. அப்போது மொத்தத் தோடர் தொகையே சில நூறு பேர். எமனோ எழுதி எடுத்த பாட்டுகள் அச்சாக 1971 ஆனது. ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடு, ஆயிரம் பக்கத்தைத் தொடுகிற புத்தகம். அவர் 2005-இல், 101 வயதில் இறந்தார்.

நடுவில் ஒரு துணுக்கு. இதே உதகையில் ஃபெர்ன்ஹில் அரண்மனை மைசூர் மகாராஜாக்களின் கோடை மாளிகையாக இருந்தது. கடைசி மகாராஜா ஜெயசாமராஜ உடையார் கர்நாடக இசையில் கீர்த்தனைகள் இயற்றியவர். லண்டனில் வறுமையில் இருந்த ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகளை இசைத்தட்டாகப் பதிவு செய்யப் பணம் கொடுத்தவரும் அவரே. அதற்கு நன்றியாக மெட்னர் தன் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மகாராஜாவுக்கு அர்ப்பணித்தார். ஃபெர்ன்ஹில்லிலிருந்து தோடர் மந்துகள் நடந்து போகிற தூரம்தான். மூன்று அசைப் பாட்டு அந்த மாளிகைச் சுவரைத் தாண்டி எப்போதாவது உள்ளே போயிருக்குமா என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் யோசிப்பேன்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் இந்த மலைக்குப் புதுசு. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து ‘திருப்பி’ அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் எங்கள் தாத்தா குடும்பமும் ஒன்று. இங்கே பிறக்காத ஆளைத் திருப்பி அனுப்புவது எப்படி என்று தாத்தா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். இன்று டான்டீ என்றால் எல்லோருக்கும் தெரியும். எங்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள். நாங்கள் கொண்டுவந்த சொத்து ஒரு டிரங்குப் பெட்டி, இலங்கை வானொலி கேட்கிற பழக்கம், அப்புறம் தப்பு என்கிற பறை.

கண்டிச் சீமைத் தோட்டங்களில் விடிகாலை பிரட்டுத் தப்பு அடிப்பார்களாம். அந்தச் சத்தம் கேட்டுத்தான் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லோரும் எழுந்து, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்துக்குப் போக வேண்டும். மாசியில் காமன் கூத்துக்கு வேறு அடி. மன்மதன் எரிகிற ராத்திரி அந்த அடி முறுக்கேறிக்கொண்டே போகும். சாவுக்கு வேறு. அப்பாயி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாலும் தூரத்துச் சத்தத்தை வைத்து ‘இது கோயில் அடி’, ‘இது எழவு அடி’ என்று சொல்லிவிடும். மழை நாளில் தப்பின் தோல் தொய்ந்துபோகும். அதனால் அடிக்கு முன்னால் சருகைக் கொளுத்தித் தீயில் காட்டுவார்கள். எங்கள் லயத்தில் அதற்குக் காய்ந்த கற்பூரத் தழைதான், யூகலிப்டஸ் தழைக்கு இங்கே அதுதான் பேர். தோல் இறுகும்போது விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். சத்தம் மந்தமாக வந்தால் மறுபடியும் தீ. கண்ணென்று வந்த பிறகுதான் தோளில் மாட்டுவார்கள். குன்னூர், கோத்தகிரிக் குளிரில் இதற்கே பாதி நேரம் போகும். சாவு வீட்டில் தாத்தா பக்கத்து ஆட்களெல்லாம் தப்புக்குக் காய்ச்சிய அந்தத் தீயில்தான் குளிர் காய்வார்கள்.

தப்படிக்கிற குடும்பம் எது, அடிக்காத குடும்பம் எது என்ற கணக்கு கடலைத் தாண்டிப் போனபோதும் கூடப் போனது, திரும்பி வந்தபோதும் கூடவே வந்தது. கல்யாண வீட்டில் யாரும் கூப்பிட மாட்டார்கள். சாவு விழுந்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் ஆள் வந்து கதவைத் தட்டும். சமவெளியில் 1980-களிலும் 90-களிலும் தலித் இளைஞர்கள் ‘சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்’ என்று நிறுத்தினார்கள். அதற்காக அடி வாங்கிய ஊர்கள் உண்டு, ஊர்விலக்கம் ஆனவர்கள் உண்டு. பிறகு அதே பறையை மேடையில் ஏற்றினார்கள். இன்று நகரத்துப் பிள்ளைகள் கட்டணம் கட்டிப் பறை படிக்கிறார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றிப் படிக்கிறபோதெல்லாம் எனக்குச் சுள்ளி ஞாபகம் வருவார். அரை நூற்றாண்டு முன்னாலேயே இந்த மலையில் ஒருவர் இதே வாதத்தைச் சொல்லிவிட்டார். பறையின் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பழங்குடி இசை என்று தனி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

கோத்தர்கள் இசையை விட்டுவிடவில்லை. அடுத்தவருக்கு வாசிப்பதைத்தான் விட்டார்கள். மார்கழி, தை வாக்கில் அவர்கள் ஊர்ச் சாமி கும்பிடு நடக்கும். வெள்ளை அங்கியும் தலைப்பாகையுமாக ஆண்கள் வட்டமாக ஆடுவார்கள், பெண்கள் ஆட்டம் தனி. வெளியாட்கள் பார்க்கலாம் என்று விடுகிற நாளும் உண்டு, விடாத நாளும் உண்டு. குடியரசு தின விழா, கோடை விழா என்று அரசு கூப்பிட்டால் ஆட்ட மெட்டு வரும். சாமி மெட்டு வராது. ‘அந்த முதல்ல வாசிச்சதை இன்னொரு தடவை’ என்று மைக்கில் யாராவது கேட்டால் கொள் ஊதுகிறவர் சிரித்துவிட்டு வேறொன்றைத் தொடங்குவார்.

எங்கள் லயத்திலும் காலம் மாறியது. என் சித்தப்பா மகன் ஒரு தப்பாட்டக் குழு வைத்திருக்கிறான். கறுப்பு பேண்ட், மஞ்சள் துண்டு, காலில் சலங்கை, ஆடிக்கொண்டே அடிப்பார்கள். கோயில் திருவிழா, கல்யாண ஊர்வலம், கல்லூரி விழா எல்லாவற்றுக்கும் போவார்கள். சாவுக்கு மட்டும் போவதில்லை என்று முதல் நாளே முடிவு. விசிட்டிங் கார்டிலேயே அப்படிப் போட்டிருக்கிறான்.

சிக்கல் என்னவென்றால், போன வருடம் அப்பாயி போய்ச் சேர்ந்தது. எங்கள் அப்பாவுக்குத் தப்பு வேண்டும். தம்பியோ அசையவில்லை. ‘பெரியப்பா, அப்பாயி எனக்கும்தான் அப்பாயி. இன்னைக்கு இதுக்கு அடிச்சா நாளைக்கு ஊர்ல எல்லாரும் வந்து கதவைத் தட்டுவாங்க. அப்புறம் முடியாதுன்னு சொல்ல வாய் வராது’ என்றான். அப்பாவுக்குக் கோபம், பதில் இல்லை. கடைசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து வேன் வைத்துச் செண்டை மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். நல்ல பிள்ளைகள், கொடுத்த காசுக்கு மேலேயே அடித்தார்கள். அத்தைதான் தலைமாட்டில் உட்கார்ந்தபடி எங்களைப் பார்த்துக் கேட்டது: ‘ஏன்டா, கெழவியைக் கட்டிக்குடுக்கிறீங்களா, கொண்டுபோறீங்களா?’ அழுதுகொண்டிருந்த பொம்பளைகள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், தம்பியும்தான்.